கறுப்பு அங்கிகள் – 17: சிறை அமைச்சரின் தீர்ப்புகள்

சென்ற வாரம் 1973 ஏப்ரலோடு நிறுத்தினோம். சீனியாரிட்டியில் முன்னால் இருந்த மூன்று பேரைத் தாண்டி ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதியாக்கியது இந்திரா காந்தியின் அரசு. ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரும் ராஜினாமா கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அந்த இடங்களுக்கு இனி யாரைக் கொண்டுவருவார்கள் என்று வக்கீல் உலகம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த வேளையில், ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றார் வி.ஆர்.கிருஷ்ணய்யர்.

கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் மந்திரியாக இருந்தவர். இது போதாதா? பம்பாய் வழக்கறிஞர்கள் எதிர்ப்பு அறிக்கை விட்டார்கள். அதில் சோலி சொராப்ஜியும் இருந்தார். அப்படிச் செய்ததற்காகப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். ஆனால் அன்றைய சூழலில் அந்த எதிர்ப்பைக் குற்றம் சொல்ல முடியாது. நீதிபதிகளை நியமிக்கும்போது அவர்களுடைய சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நாடாளுமன்றத்தில் பகிரங்கமாகவே வாதாடியிருந்தார் மோகன் குமாரமங்கலம். டாக்டர் சுப்பராயனின் மகன், முன்னாள் கம்யூனிஸ்ட், அப்போது மத்திய அமைச்சர். அந்த வாதத்தை வைத்த சில வாரங்களில், மே 31 அன்று, விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கிருஷ்ணய்யரின் நியமனம் அவர் விட்டுச்சென்ற திட்டத்தின் மிச்சம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அரசுக்கு வேண்டிய ஆள் வந்துவிட்டார் என்று பேச்சு.

அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி என்பது இரண்டே வருடத்தில் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் நாம் ஒருமுறை தலச்சேரிக்குப் போய் வர வேண்டும்.

பாலக்காட்டுத் தமிழ் ஐயர் குடும்பம். பெயருக்கு முன்னால் உள்ள ‘வி’ பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தைக் குறிக்கிறது. அப்பா ராமய்யர் மலபாரில் பெயரெடுத்த வக்கீல். 1915 நவம்பர் 15-இல் பிறந்த கிருஷ்ணய்யர், தலச்சேரி பாசல் மிஷன் பள்ளியிலும் பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் படித்துவிட்டுச் சிதம்பரத்துக்கு வந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பிறகு சென்னை சட்டக் கல்லூரி. மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தப் பாதையில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தலச்சேரியில் அப்பாவிடமே ஜூனியராகத் தொழிலைத் தொடங்கினார். மலபாரில் நிலம் ஜன்மிகளின் கையில் இருந்தது, வக்கீலுக்கு நல்ல ஃபீஸும் அவர்களிடம்தான் இருந்தது. கிருஷ்ணய்யருக்கு வருமானத்தில் குறைவில்லை. ஆனால் ஜன்மிக்கு எதிராக நிற்கும் குடியானவனும், போலீஸ் அடித்து இழுத்துவந்த தொழிற்சங்கக்காரனும் அவர் வீட்டுப் படியேறினால் அவர்களுடைய கட்டையும் வாங்கிக்கொண்டார். அவர்களில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள்.

1948-இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் பாதையில் இறங்க, சென்னை அரசாங்கம் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டது. காவலில் அடித்துச் சித்திரவதை செய்கிறார்கள் என்று இவர் எதிர்த்துப் பேசினார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்கிறார் என்று சொல்லி இவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் சிறை. கட்சிக்காரனுக்காக வாதாடிய வக்கீலையே கட்சிக்காரனோடு சேர்த்துப் பூட்டிவைத்தார்கள். பின்னாளில் அவர் எழுதிய சிறைத் தீர்ப்புகளைப் படிப்பவர்கள் இந்த ஒரு மாதத்தை மறந்துவிட்டுப் படிக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

1952 தேர்தலில் கூத்துப்பறம்பிலிருந்து சுயேச்சையாக நின்று, கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு ஜெயித்துச் சென்னை சட்டசபைக்கு வந்தார். காங்கிரசுக்கு 375 இடங்களில் 152 மட்டுமே கிடைத்து, ராஜாஜியை மேலவை வழியாகக் கொண்டுவந்து முதலமைச்சராக்கிய சபை அது. எதிர்வரிசையில் உட்கார்ந்து சட்டம் எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் ஓட்டை விழுகிறது என்று நான்கு வருடம் பார்த்தார். 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலம் வந்து மலபார் கேரளத்தோடு போயிற்று.

அடுத்த வருடம் தலச்சேரியிலிருந்து மறுபடியும் சுயேச்சையாக ஜெயித்தார். ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைத்த அமைச்சரவையில் கட்சி உறுப்பினர் அட்டை இல்லாத அமைச்சர்களில் ஒருவரானார். சட்டம், மின்சாரம், பாசனம், சிறை என்று பல துறைகள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு கவனம் வேண்டும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானாலும் 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்றுதான் எழுதப்பட்டது. அந்தத் தேதியில் கேரளத்தின் பாசன அமைச்சர் நம்முடைய கிருஷ்ணய்யர்.

சிறைத் துறையைப் பெரிய துறையாக யாரும் நினைப்பதில்லை. இவர் கைதிகளின் நிலையைச் சீர்திருத்தும் வேலையில் மும்முரமாக இறங்கினார். பத்து வருடத்துக்குள் கைதியாகவும் சிறை அமைச்சராகவும் இருந்து பார்த்துவிட்ட மனிதர் நம் நீதித்துறை வரலாற்றில் அபூர்வம். 1959 ஜூலை 31-இல் மத்திய அரசு அந்த அமைச்சரவையைக் கலைத்துவிட்டது. அந்த அரசை எதிர்த்து நடந்த ‘விமோசன சமரம்’ பற்றி இந்தத் தொடரில் முன்பே பார்த்திருக்கிறோம், திரும்பப் போக வேண்டாம்.

1960 தேர்தலில்தான் வேடிக்கை. தலச்சேரியில் ஏழே ஏழு வாக்கில் தோற்றார். வக்கீல் சும்மா இருப்பாரா? தேர்தல் வழக்குப் போட்டு, ஜெயித்து, சபைக்குள் போய் உட்கார்ந்தார். தேர்தல் மனு என்றால் என்ன, அதில் ஒரு தீர்ப்பு ஒருவருடைய பதவியை எப்படிக் கவிழ்க்கும் என்பதை அவர் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டது இங்கேதான். 1965-இல் மறுபடி நின்று தோற்றதும் அரசியலை மூட்டை கட்டிவைத்துவிட்டு எர்ணாகுளத்தில், உயர் நீதிமன்றத்தில், தொழிலுக்குத் திரும்பினார். 1968 ஜூலையில் அதே நீதிமன்றத்தில் நீதிபதி. நடுவில் சட்ட ஆணைய உறுப்பினர். ஏழைகளுக்குச் சட்ட உதவி கிடைக்க வழி சொல்லும் குழுவின் தலைவராகவும் இருந்து 1973-இல் அறிக்கை கொடுத்தார். அந்த வருடமே டெல்லி.

இப்போது 1975 ஜூனுக்கு வரலாம்.

ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, ரேபரேலியில் இந்திரா காந்தி பெற்ற 1971-ஆம் ஆண்டு வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். அரசு ஊழியராக இருந்தபோதே யஷ்பால் கபூர் அவருக்குத் தேர்தல் வேலை பார்த்தார், மேடை போடவும் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுக்கவும் மாநில அதிகாரிகள் பயன்படுத்தப்பட்டார்கள் என்ற இரண்டு காரணங்கள். மேல்முறையீடு செய்ய 20 நாள் அவகாசம் கொடுத்தார். உச்ச நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக் கால நீதிபதி கிருஷ்ணய்யர்.

சட்ட அமைச்சர் எச்.ஆர்.கோகலே அவருக்கு போன் செய்தார். நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். என்ன விஷயம் என்றார் கிருஷ்ணய்யர். பிரதமரின் மேல்முறையீடு பற்றி என்றதும், அதற்கு நீங்கள் இங்கே வர வேண்டியதில்லை, மனுவைப் பதிவாளரிடம் கொடுத்தால் போதும், என் முன் வரும்போது கேட்கிறேன் என்று சொல்லிவிட்டார். பின்னாளில் அவரே சொன்ன தகவல் இது. தங்களுக்கு வேண்டியவர் என்று அரசு நினைத்திருந்தால், அந்த நினைப்பு அந்த போனோடு போயிருக்க வேண்டும்.

23-ஆம் தேதி வாதம். இந்திராவுக்காக நானி பால்கிவாலா, தேர்தல் வழக்கைத் தொடுத்த ராஜ் நாராயணுக்காக சாந்தி பூஷண். முழுத் தடை வேண்டும் என்றார் பால்கிவாலா. மறுநாள் உத்தரவு வந்தது. இந்திரா பிரதமராக நீடிக்கலாம், மக்களவைக்குப் போகலாம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம், பேசலாம். உறுப்பினர் என்ற முறையில் வாக்களிக்க முடியாது, உறுப்பினர் சம்பளம் வாங்க முடியாது. தேர்தல் மேல்முறையீடுகளில் மற்ற எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த அதே நிபந்தனைத் தடைதான். ஆள் யார் என்று பார்த்து அதை மாற்ற அவர் தயாராக இல்லை.

அந்த உத்தரவில் இன்னொரு விஷயம் உண்டு. சட்டம் கடுமையாக இருக்கிறது என்பதற்காக நீதிமன்றம் அதைச் சட்டமில்லை என்று ஒதுக்கிவிட முடியாது, கடுமை இருந்தால் அதைக் கவனிக்க வேண்டியது சட்டம் இயற்றுபவர்கள் என்று எழுதினார். பழைய எம்.எல்.ஏ. பேசுகிறார் பாருங்கள்! எந்த வேலை எந்தச் சபைக்குரியது என்ற கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. கொடுமை என்னவென்றால், நாடாளுமன்றம் அந்த யோசனையை உடனே எடுத்துக்கொண்டது. 25-ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருக்க, ஆகஸ்டில் தேர்தல் சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. 39-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் வைக்கப் பார்த்தது.

முழுத் தடை கொடுத்திருந்தால் நெருக்கடி நிலையே வந்திருக்காது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தடையே கொடுத்திருக்கக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரு நீதிபதியின் தலையில் அவர் தூக்கக்கூடிய பாரத்துக்கு மேலே ஏற்றுகின்றன. அந்த உத்தரவை இன்று எடுத்துப் படித்தாலும், அன்றைய வழக்கப்படி வேறு எதைக் கொடுத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குடும்பத்திலேயே இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 1977 அக்டோபர் 3 அன்று சிபிஐ இந்திரா காந்தியைக் கைது செய்தபோது, அந்த அமைப்பின் இணை இயக்குநராக இருந்தவர் கிருஷ்ணய்யரின் தம்பி வி.ஆர்.லட்சுமிநாராயணன். தமிழ்நாட்டு டி.ஜி.பி.யாக இருந்து ஓய்வுபெற்றவர், சென்னைக்காரர்களுக்கு வி.ஆர்.எல்.

நெருக்கடி நிலை முடிந்த பிறகு வந்த மூன்று வருடங்கள்தான் கிருஷ்ணய்யருடைய காலம். திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, தன்னைத் தனிமைச் சிறையில் அடைத்திருப்பதை எதிர்த்து வழக்குப் போட்டார். மாதக் கணக்கில் இரும்புச் சங்கிலியோடு கிடந்த சார்லஸ் சோப்ராஜின் மனுவும் சேர்ந்துகொண்டது. வழக்கு நடக்கும்போதே நீதிபதிகள் சிலர் திகாருக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். கிருஷ்ணய்யரும் போனார். கருணை மனு வரை எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் ஒருவனைத் தூக்குக் கைதி என்று தனியே ஒதுக்கலாம், சிறைக்குள் போனதால் ஒருவனுடைய அடிப்படை உரிமைகள் வாசலிலேயே கழன்று விழுந்துவிடுவதில்லை என்று 1978 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

பத்ரா அதோடு நிற்கவில்லை. பக்கத்துக் கைதி ஒருவரைப் பார்க்க வந்த உறவினர்களிடமிருந்து பணம் கறக்க, அந்தக் கைதியை ஒரு வார்டர் கொடூரமாகச் சித்திரவதை செய்ததைத் தெரிந்துகொண்டு, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். ஸ்டாம்ப் பேப்பர் இல்லை, வக்காலத்து இல்லை, பிரமாணப் பத்திரம் இல்லை. எழுதியவருக்கு நேர்ந்த குறையும் இல்லை, அடுத்தவனுடைய குறை. பழைய முறைப்படி அது குப்பைக் கூடைக்குப் போக வேண்டிய காகிதம். நீதிமன்றம் அதை ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. ஒய்.எஸ்.சிதலே, முகுல் முத்கல் என்ற இரண்டு வழக்கறிஞர்களை நியமித்து, சிறைக்குள் போகவும் கைதிகளிடம் பேசவும் ஆவணங்களைப் பார்க்கவும் அதிகாரம் கொடுத்தது. அதிகாரிகள் சொன்ன கதைகளும் மருத்துவ ஆதாரமும் ஒத்துப்போகவில்லை.

1979 டிசம்பர் 20-இல் வந்த தீர்ப்பில் கண்டனத்தோடு வேலைத் திட்டமும் இருந்தது. சிறைக்குள் புகார்ப் பெட்டி வை, மாவட்ட நீதிபதி குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்க்க வேண்டும், கைதியின் உரிமைகளைச் சொல்லும் கையேட்டை இந்தியில் அச்சடித்துக் கொடு என்று வரிசையாக உத்தரவுகள். ஒரு துறையின் கோப்புகளைப் பார்த்துப் பழகிய அமைச்சர்தான் இப்படி எழுதுவார். எந்தக் கதவை யார் திறக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதாவிட்டால் அந்தக் கதவு திறக்காது என்பது அவருக்குத் தெரியும். அடுத்த வருடம் இன்னொரு விசாரணைக் கைதி தந்தியே அடித்தார், தன் கையில் விலங்கு மாட்டிக் கோர்ட்டுக்கு இழுத்துப் போகிறார்கள் என்று. அதுவும் வழக்காயிற்று. விலங்கு மாட்டுவது வழக்கம் ஆகக் கூடாது, மாட்டினால் காரணம் எழுத வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

மோதிராம் வழக்கை வக்கீல்கள் இன்றும் ஜாமீன் மனுக்களில் எடுத்துக்காட்டுகிறார்கள். மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார். ஒரு தமிழனோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேயரிலோ மாட்டிக்கொண்டால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரரை எங்கே போய்த் தேடுவான் என்று கேட்டார் கிருஷ்ணய்யர். 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் கொத்தனார் வெளியே வந்தார்.

ரத்லம் நகராட்சி வழக்கு இன்னும் ருசி. தெருவில் சாக்கடை ஓடுகிறது, கழிப்பறை இல்லாத ஏழைகள் சாக்கடையையே பயன்படுத்துகிறார்கள், சாராய ஆலைக் கழிவு வேறு. குடியிருப்பவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போய் உத்தரவு வாங்கினால், நகராட்சி அதைச் சரிசெய்யக் காசில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வரை வந்தது. வழக்கு நடத்தக் காசிருந்தது! காசில்லை என்ற சாக்கை ஏற்க முடியாது, கால வரையறைக்குள் வேலையை முடி, இல்லாவிட்டால் தண்டனை என்று 1980-இல் தீர்ப்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த 133-ஆவது பிரிவு அதற்குப் பிறகு சாக்கடைக்கும் குப்பைக்கும் ஆயுதமாயிற்று.

வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான, நம் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த பதவி உயர்வு மறுக்கப்பட்ட சி.பி.முத்தம்மாவின் வழக்கும் இவரிடம் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடியானது. அந்த விதிகளுக்கு மட்டும் தீர்ப்பில் நல்ல பூசை கிடைத்தது.

எல்லாம் சரி, குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய ஆங்கிலம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய ஆங்கிலம். ஏழைக்காக எழுதிய தீர்ப்பை ஏழையின் வக்கீலே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. ஒரு தீர்ப்பில் குற்றவாளி திருந்தத் தியானம் உதவும் என்று விரிவாக எழுதினார். 1979-இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில், சமூகத்தின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால் ஒழியத் தூக்கு கூடாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதினார். உடன் இருந்த நீதிபதி ஏ.பி.சென், இது சட்டத்தைத் திருத்தும் வேலை, நம் வேலை இல்லை என்று மாறுபட்டார். 1975 ஜூனில் கிருஷ்ணய்யர் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே! அடுத்த வருடமே பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அவர் போட்ட கோட்டை அழித்துவிட்டு, ‘அரிதிலும் அரிது’ என்ற வேறு கோட்டைப் போட்டது. தூக்கு விஷயத்தில் அவருடைய மனம் எனக்குப் பிடிக்கிறது, வாதம் என்னவோ சென் பக்கம்தான் வலுவாக இருக்கிறது.

தனியார் சொத்தும் சமூகத்தின் பொருள்வளமே என்று 1977-இல் ரங்கநாத ரெட்டி வழக்கில் அவர் எழுதியதும் நிற்கவில்லை. 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை அதை நிராகரித்தது. ஆனால் பழைய நீதிபதியைத் தலைமை நீதிபதி சந்திரசூட் விமர்சித்த விதம் சரியில்லை என்று அமர்வில் இருந்த நீதிபதிகள் நாகரத்னா, துலியா இருவரும் தனித்தனியே எழுதினார்கள். ஓய்வுபெற்று 44 வருடமான ஒருவருக்காக உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே சண்டை.

1980 நவம்பரில் ஓய்வு. ஏழு வருடம் கழித்து, 1987-இல், அவரை மறுபடி வேட்பாளராகப் பார்த்தோம், எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளர். எதிரே ஆர்.வெங்கட்ராமன். இருவரும் சென்னை சட்டக் கல்லூரிக்காரர்கள், இருவரும் தொழிலாளர் வழக்குகளில் பெயரெடுத்த வக்கீல்கள். 1957-இல் கேரளத்தில் ஒருவரும் சென்னை ராஜ்யத்தில் ஒருவரும் அமைச்சரானார்கள். ஆர்.வி.க்கு 7,40,148 வாக்குமதிப்பு, கிருஷ்ணய்யருக்கு 2,81,550. இந்த முறை வழக்குப் போட வழியில்லை.

கொச்சியில் ‘சத்கமய’ என்ற வீட்டில் மேலும் 27 வருடம் இருந்தார். எழுதினார், கூட்டங்களுக்குப் போனார், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் உள்ளிட்டோரின் தூக்கை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தூக்குத் தண்டனைகளை ஆயுளாகக் குறைத்ததை அவர் பார்த்தார். அதே வருடம் டிசம்பர் 4-இல் காலமானார்.

ஒரு பெரிய வழக்கை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். ‘தொழில்’ என்றால் எது என்று கேட்டு, மருத்துவமனை, பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்ட 1978-ஆம் ஆண்டு பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்பு. அதை மாற்ற 1982-இல் நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. அந்த வரையறையை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பை எந்த அரசும் வெளியிடவில்லை. ஏன் என்ற கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.